லூவருக்கு அடுத்த ஆண்டு எத்தனை பேர் வருவார்கள்? அருங்காட்சியகக் கூட்டத்தை முன்கூட்டிக் கணிப்பதில் உள்ள சிக்கல்கள்

2025 ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் எமானுவேல் மக்ரோன் பாரிஸில் உள்ள லூவர் அருங்காட்சியகத்தின் விரிவாக்கத் திட்டத்தை அறிவித்தார். மோனலிசாவுக்குத் தனி அரங்கு, புதிய நுழைவாயில், ஆண்டுக்கு 1.2 கோடிப் பேரை வரவேற்கும் வசதி என்பதெல்லாம் அதில் இருந்தன. சில நாட்களுக்கு முன்புதான், கட்டடம் பழுதடைந்து கிடக்கிறது, நெரிசல் தாங்கவில்லை என்று அருங்காட்சியகத்தின் அப்போதைய தலைவர் லோரன்ஸ் தே கார் எழுதிய குறிப்பு பத்திரிகைகளில் கசிந்திருந்தது. ஆனால் 2024இல் லூவருக்கு வந்தவர்கள் 87 லட்சம் பேர். இது 2018இன் உச்சமான 1 கோடியே 2 லட்சத்தைவிடக் குறைவு, 2023ஐவிடவும் கொஞ்சம் குறைவு.

கூட்டம் தாங்கவில்லை என்கிறார்கள், கூட்டம் குறைந்தது என்கிறது புள்ளிவிவரம், இன்னும் கூடும் என்கிறது திட்டம். மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியுமா? முடியும். அது எப்படி என்று புரிய, இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## எதை எண்ணுகிறார்கள்?

1. வருகை வேறு, வருகையாளர் வேறு. வாசலில் உள்ள கருவி எண்ணுவது வருகையை. ஒருவரே ஆண்டில் நான்கு முறை வந்தால் நான்கு. "87 லட்சம் பேர்" என்று செய்தியில் எழுதுவது வசதிக்காகத்தான்.

2. வருபவர் எல்லாரும் காசு கொடுப்பவர் அல்லர். லூவரில் 18 வயதுக்குக் குறைந்த எல்லாருக்கும், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் (ஐரோப்பிய ஒன்றியமும் அதோடு சேர்ந்த சில நாடுகளும்) வசிக்கும் 26 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் அனுமதி இலவசம். பிரிட்டிஷ் மியூசியத்தில் நிரந்தரக் காட்சிக்கு யாருக்குமே கட்டணம் இல்லை. எனவே கூட்டத்தின் அளவை வைத்து வருமானத்தை நேரடியாகச் சொல்ல முடியாது.

3. வந்தவர் தொகை வேறு, வர விரும்பியவர் தொகை வேறு. மக்கள் வர விரும்பும் அளவைத் தேவை என்றும், கட்டடமும் ஊழியர்களும் தாங்கும் அளவைக் கொள்ளளவு என்றும் சொல்வோம். பதிவேட்டில் ஏறுவது இரண்டில் எது சிறியதோ அதுதான்.

கணிப்புகள் சத்தமில்லாமல் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த மூன்றாவது புள்ளியில்தான். லூவரையே எடுத்துக்கொள்வோம். 2022 முதல் ஒரு நாளைக்குச் சுமார் 30,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களிலும் திறப்பதில்லை. ஆக, திறந்திருக்கும் நாட்கள் 310 அளவில். 30,000ஐ 310ஆல் பெருக்கினால் 93 லட்சம். அதாவது 2024இல் வந்த 87 லட்சம் என்பது, அனுமதிக்கப்படும் உச்சத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல். அந்த ஆண்டு ஒலிம்பிக் தொடக்க விழாவுக்காகச் சில நாள் மூடவும் வேண்டியிருந்தது. 2018இல் ஒரு நாளின் சராசரியே கிட்டத்தட்ட 33,000. இன்றைய வரம்பு அன்றைய சராசரிக்கும் கீழே இருக்கிறது.

ஆகவே 2018இலிருந்து 2024க்கு வந்த இறக்கத்தை "மக்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது" என்று படிப்பது தவறு. வாசலைச் சுருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஐ. எம். பெய் வடிவமைத்து 1989இல் திறந்த கண்ணாடிப் பிரமிடு நுழைவாயில், ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேரை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. இப்போது அதன் வழியே இரண்டு மடங்குக்கு மேல் போகிறார்கள். 1.2 கோடி என்பதும் முன்கணிப்பு அல்ல, வாசலை அகலமாக்கினால் எட்டக்கூடிய இலக்கு. ஆரம்பத்தில் கேட்ட மூன்று கூற்றுகளும் இப்படித்தான் ஒத்துப்போகின்றன.

## அமைதியான காலத்தில் கணிப்பது எப்படி?

உலகம் ஒழுங்காக ஓடும்போது இது பெரிய வித்தை இல்லை. மிக எளிய முறை: அடுத்த மே மாதம் எத்தனை பேர் என்று கேட்டால், போன மே மாத எண்ணிக்கையைச் சொல்வது. கேலியாகத் தோன்றும். ஆனால் சிக்கலான கணித மாதிரிகள் பலவும் இதைத் தாண்ட மூச்சு வாங்கும். எந்த முறையையும் முதலில் இதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இத்துறையில் வழக்கம்.

அதற்கு அடுத்த படிகள் மூன்று.

1. நகரும் சராசரி. கடைசிச் சில மாதங்களின் சராசரியை எடுப்பது. இதில் அண்மை மாதங்களுக்குக் கூடுதல் எடை கொடுப்பதும் உண்டு.

2. போக்கையும் பருவத்தையும் பிரிப்பது. ஆண்டுக்கு ஆண்டு மெல்ல ஏறுகிறதா என்பது போக்கு. பள்ளி விடுமுறையில் கூடி, தேர்வு மாதத்தில் குறைவது பருவம். இரண்டையும் தனித்தனியாகக் கணித்து மறுபடி சேர்ப்பார்கள்.

3. காரணங்களை உள்ளே கொண்டுவருவது. சிறப்புக் கண்காட்சி, டிக்கெட் விலை, மழை, விமான இருக்கைகள், நாணய மாற்று விகிதம் என்று ஒவ்வொன்றுக்கும் வருகையில் எவ்வளவு பங்கு என்று பழைய தரவிலிருந்து அளப்பது.

மூன்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான்: நேற்று கூட்டத்தை உண்டாக்கிய காரணங்கள் நாளையும் அதே அளவில் வேலை செய்யும். இந்த நம்பிக்கை உடைவதைத்தான் நிச்சயமற்ற காலம் என்கிறோம். உடைந்தபின் மாதிரியை எவ்வளவு நுட்பமாக்கினாலும் பலன் குறைவு.

## 2020 தரவை என்ன செய்தது?

லூவரின் வரிசையைப் பாருங்கள்: 2019இல் 96 லட்சம், 2020இல் 27 லட்சம், 2021இல் 28 லட்சம், 2022இல் 77 லட்சம், 2023இல் 89 லட்சம். 2021இலிருந்து 2023 வரையான எண்களை மட்டும் ஒரு கணினி நிரலிடம் கொடுத்தால், அசுர வளர்ச்சி என்று நினைத்து 2024க்கு ஒரு கோடிக்கு மேல் சொல்லும். உண்மையில் நடந்தது மீட்சி. பள்ளத்திலிருந்து தரைக்கு ஏறுவதை மலையேற்றமாக எண்ணிவிடும் இந்தப் பிழை, நிரல்களுக்கு மட்டுமல்ல, ஆண்டறிக்கை எழுதுபவர்களுக்கும் வரும்.

தரவில் கொரோனா தோண்டிய இந்தப் பள்ளத்தைக் கையாள மூன்று வழிகள் உண்டு. 2020–21ஐ நீக்கிவிட்டு 2019ஐ 2022உடன் ஒட்டலாம். எளிது, ஆனால் இடையில் பழக்கங்கள் மாறியதையும் சேர்த்து மறைத்துவிடும். அந்த மாதங்களை "மூடல்", "கட்டுப்பாடு" என்று குறியிட்டு மாதிரிக்குள்ளேயே வைத்திருக்கலாம். இல்லையென்றால், 2022க்குப் பிந்தைய தரவை மட்டும் நம்பலாம். இதில் பருவத்தைக் கற்றுக்கொள்ளப் போதிய ஆண்டுகள் இருக்காது. இரண்டாவது வழிதான் பொதுவாக உருப்படியானது. அடுத்த முறை மூட நேர்ந்தால், ஒரு மூடல் எவ்வளவு இழுக்கும் என்ற அளவும் கையில் இருக்கும்.

அந்த நேரத்துக் கணிப்புகள் எப்படி இருந்தன? 2020 வசந்தத்தில், உலக அருங்காட்சியகங்களில் கிட்டத்தட்ட 13% மறுபடி திறக்காமலே போகலாம் என்ற செய்தி பரவியது. சர்வதேச அருங்காட்சியக மன்றம் தன் உறுப்பினர்களிடம் நடத்திய கருத்தாய்வின் முடிவு அது. அதே மன்றம் அந்த ஆண்டின் பிற்பகுதியில் மறுபடி கேட்டபோது விகிதம் 6% அளவுக்குப் பாதியாகியிருந்தது. முதல் எண் பொய் இல்லை. அது பயத்தின் அளவு. கருத்தாய்வில் வரும் எண்ணைக் கணிப்பாக எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். இன்னொன்று, ஆண்டுக்கு ஒருமுறை கணித்துவிட்டுக் கோப்பை மூடும் பழக்கம் இத்தகைய காலத்துக்கு ஒத்துவராது. ஒவ்வொரு மாதமும் வந்த எண்ணிக்கையை வைத்து மீதி மாதங்களைத் திருத்திக்கொண்டே போக வேண்டும்.

## ஒரே நகரம், இரண்டு விதி

லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு 2019இல் 62 லட்சம் பேர் வந்தார்கள், 2024இல் சுமார் 65 லட்சம். தேம்ஸ் நதிக்கரையில் உள்ள நவீனக் கலை அருங்காட்சியகமான டேட் மாடர்னுக்கு 2019இல் 61 லட்சம், 2024இல் 46 லட்சம். ஒரே நகரம், ஒரே பொருளாதாரம், ஒரே வானிலை. இரண்டிலும் நிரந்தரக் காட்சிக்கு அனுமதி இலவசம். இருந்தும் ஒன்று மீண்டுவிட்டது, இன்னொன்று கால் பங்கை இழந்து நிற்கிறது.

மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இதை யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. வருபவர் யார் என்று பிரித்திருந்தால் கொஞ்சமாவது கண்ணில் பட்டிருக்கும். ஐரோப்பாவிலிருந்து வரும் இளைஞர்கள், குறிப்பாக 16 முதல் 24 வயதினர், குறைந்துவிட்டதை டேட் நிர்வாகமே சுட்டிக்காட்டியது. இதன் பின்னணியில் ஓவியம், சிற்பம் எதற்கும் சம்பந்தமில்லாத ஒரு விதி இருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தவர்களில் பெரும்பாலோர் தேசிய அடையாள அட்டையை மட்டும் காட்டி பிரிட்டனுக்குள் நுழைய முடியாது, பாஸ்போர்ட் வேண்டும். ஓர் இத்தாலியப் பள்ளி ஆசிரியர் நாற்பது மாணவர்களை லண்டனுக்குக் கூட்டி வர நினைக்கிறார் என்று வையுங்கள். அடையாள அட்டை எல்லாரிடமும் இருக்கும், பாஸ்போர்ட் பாதிப் பேரிடம்தான் இருக்கும். அவர் பெர்லினுக்கோ மாட்ரிடுக்கோ போய்விடுவார்.

சீனா 2023 ஜனவரி 8 அன்று தன் எல்லைக் கட்டுப்பாடுகளை நீக்கியதும் இதே ரகம். லூவரின் கூட்டத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெளிநாட்டவர். அதனால் அதன் எண்ணிக்கையைக் கணிப்பவர் கலை விமர்சனத்தைவிட விசா விதிகளையும் விமான அட்டவணைகளையும் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

## ஒற்றை எண்ணுக்குப் பதில் சில சூழல்கள்

"அடுத்த ஆண்டு 3 லட்சம் பேர் வருவார்கள்" என்பது கணிப்பு போலத் தெரியும். உண்மையில் அது பாதிக் கணிப்புதான். "2.6 முதல் 3.3 லட்சத்துக்குள், பத்தில் எட்டு வாய்ப்பு" என்றால் பரவாயில்லை. ஆனால் நிச்சயமின்மை பெரிதாக இருக்கும்போது இதுவும் போதாது. என்ன நடந்தால் எந்த எண் என்று தனித்தனிச் சூழல்களாக எழுதுவது மேல்.

ஒரு கற்பனை அருங்காட்சியகத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான ஆண்டில் உள்ளூர்க்காரர் 1.2 லட்சம், பள்ளி மாணவர் 1 லட்சம், வெளிநாட்டவர் 80,000. கட்டணம் முறையே 50, 10, 500 ரூபாய்.

1. வழக்கமான ஆண்டு. வருகை 3 லட்சம். வருமானம் 4.7 கோடி. இதில் 4 கோடி வெளிநாட்டவரிடமிருந்து.

2. விமானப் போக்குவரத்து பாதிக்கப்படும் ஆண்டு. வெளிநாட்டவர் பாதியாகிறார்கள். வெளியூர் போக முடியாத உள்ளூர்க்காரர் 10% கூடுதலாக வருகிறார்கள். வருகை 2.72 லட்சம், வருமானம் 2.76 கோடி.

3. நோய்ப் பரவலால் பள்ளிச் சுற்றுலா நிற்கும் ஆண்டு. மாணவர் 20,000, உள்ளூர்க்காரர் 90,000, வெளிநாட்டவர் 40,000. வருகை 1.5 லட்சம், வருமானம் 2.47 கோடி.

இரண்டாம் சூழலில் கூட்டம் 9% தான் குறைகிறது, வருமானமோ 41% விழுகிறது. மூன்றாம் சூழலில் கூட்டமே பாதியாகிறது, வருமானம் விழுவது 47%. அதாவது, காசுக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் வாசலில் நிற்கும் காவலருக்கும் கழிப்பறை சுத்தம் செய்பவருக்கும் இரண்டும் முற்றிலும் வேறு ஆண்டுகள். இரண்டாம் சூழலில் வேலை அப்படியே இருக்கிறது, சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. இந்தச் சிக்கலை மொத்த வருகை என்ற ஒற்றை எண் காட்டவே காட்டாது. அருங்காட்சியகச் செலவில் பெரும்பகுதி கூட்டத்தோடு ஏறி இறங்குவதும் இல்லை. பாதுகாப்பு, குளிர்சாதனம், பராமரிப்பு எல்லாம் ஒருவர் வந்தாலும் ஒரு லட்சம் பேர் வந்தாலும் ஒன்றுதான்.

அப்புறம், ஒவ்வொரு சூழலுக்கும் ஓர் அறிகுறி குறித்து வைத்திருக்க வேண்டும். மூன்று மாதம் முன்னதாகச் செய்யப்படும் குழு முன்பதிவுகள் வழக்கத்தில் 70% க்குக் கீழே போனால் இரண்டாம் சூழல் என எடுத்துக்கொள்வது, தற்காலிக ஊழியர் ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பது என்பது போல. அறிகுறியும் அதற்கான நடவடிக்கையும் இல்லாத சூழல் அட்டவணை, நிர்வாகக் குழுக் கூட்டத்தில் காட்டுவதற்கு மட்டும்தான் உதவும்.

## எதிர்பாராமல் குவியும் கூட்டம்

நிச்சயமின்மை என்றதும் வீழ்ச்சிதான் நினைவுக்கு வரும். மேல்நோக்கியும் சறுக்கலாம். சியோலில் உள்ள கொரிய தேசிய அருங்காட்சியகத்துக்கு 2024இல் 38 லட்சம் அளவில் வந்தார்கள். 2025இல் அது 60 லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'கே-பாப் டீமன் ஹன்டர்ஸ்' அனிமேஷன் படம் இதற்கு ஒரு முக்கியக் காரணம். கொரிய நாட்டுப்புற ஓவியங்களில் வரும் புலியும் மேக்பை பறவையும் அதில் பாத்திரங்களாகின. அருங்காட்சியகக் கடையில் புலி–மேக்பை பேட்ஜ் வைத்த மாத்திரத்தில் தீர்ந்துபோனது. எந்த மாதிரியாலும் இதை முன்பே சொல்லியிருக்க முடியாது. சொல்லத் தேவையும் இல்லை. திடீரென ஒன்றரை மடங்கு கூட்டம் வந்தால் எந்த வாசல் முதலில் திணறும் என்று தெரிந்து வைத்திருந்தால் போதும்.

## கணிப்பைக் கேட்பது யார்?

புது அருங்காட்சியகத்துக்குப் பழைய தரவே கிடையாது. அங்கே கணிப்பு தவறுவதற்குக் கணிதத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கணிப்பை எழுதுவது பெரும்பாலும் நிதி கேட்பவர்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1999 மார்ச்சில் தேசிய வெகுஜன இசை மையம் திறந்தது. செலவு 1.5 கோடி பவுண்டு, பெரும்பகுதி லாட்டரி நிதி. ஆண்டுக்கு 4 லட்சம் பேர் வருவார்கள் என்றார்கள். முதல் ஏழு மாதத்தில் வந்தவர்கள் சுமார் 1.04 லட்சம். 2000 ஜூனில் மூடிவிட்டார்கள். அதே 2000இல் லண்டனின் மில்லினியம் டோம் கண்காட்சிக்கு 1.2 கோடிப் பேர் வருவார்கள் என்ற அடிப்படையில் பட்ஜெட் போட்டிருந்தார்கள். வந்தது 65 லட்சம். அந்த ஆண்டு பிரிட்டனில் கட்டணம் வாங்கும் எந்தக் காட்சியிடத்துக்கும் அவ்வளவு பேர் வரவில்லை. கூட்டத்தில் வெற்றி, கணிப்பில் தோல்வி, அதனால் ஊர் வாயில் மொத்தமும் தோல்வி.

மறுபக்கத்தில், ஸ்பெயினின் பில்பாவோ நகரில் 1997இல் திறந்த குகன்ஹைம் கலை அருங்காட்சியகம் 5 லட்சத்துக்கு உட்பட்ட கணிப்போடு தொடங்கி, முதல் ஆண்டிலேயே சுமார் 13 லட்சத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு உலகில் எந்த நகர சபை எந்த அருங்காட்சியகம் கட்டினாலும் பில்பாவோவைத்தான் உதாரணம் காட்டுகிறது. ஷெஃபீல்டை யாரும் காட்டுவதில்லை. இந்தப் பாரபட்சத்துக்கு மருந்து, ஒரே ஒரு உதாரணத்தை விட்டுவிட்டு, அதே அளவு நகரத்தில், அதே ரகத்தில் திறந்த எல்லா அருங்காட்சியகங்களின் மூன்றாம் ஆண்டு எண்ணிக்கையையும் அடுக்கிப் பார்ப்பது. மூன்றாம் ஆண்டு ஏன்? முதல் ஆண்டில் புதுமைக்காக வருபவர்களின் கூட்டம் கலந்திருக்கும். அது வடிந்தபிறகு நிற்பதுதான் நிலையான கூட்டம்.

என்னைக் கேட்டால், ஒரே நிறுவனத்துக்குள் நிதி விண்ணப்பத்துக்கு ஒரு எண்ணும், பட்ஜெட்டுக்கு இன்னொன்றும், பணியாளர் அட்டவணைக்கு மூன்றாவதும் இருப்பதில் தப்பில்லை. விண்ணப்பத்துக்கு எழுதிய எண்ணை வைத்து ஆள் எடுப்பதும் கடன் வாங்குவதும்தான் தப்பு.

## விலையை மாற்றினால்?

விலையும் கூட்டத்தைப் புரட்டிப்போடும். பிரிட்டன் 2001 டிசம்பரில் தேசிய அருங்காட்சியகங்களுக்குக் கட்டணத்தை நீக்கியது. அதுவரை கட்டணம் வாங்கிய இடங்களில் ஆண்டு வருகை பத்தாண்டில் சுமார் 70 லட்சத்திலிருந்து ஏறக்குறைய 1.8 கோடியானது.

லூவர் இப்போது எதிர்த் திசையில் போகிறது. 2024 ஜனவரியில் கட்டணம் 17 யூரோவிலிருந்து 22 ஆனது. 2026 ஜனவரி 14 முதல், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ. தாஜ்மகாலில் இந்தியருக்கு 50 ரூபாயும் வெளிநாட்டவருக்கு 1,100 ரூபாயும் வாங்குவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சாதாரணம், ஐரோப்பாவில் இது சர்ச்சை.

கணக்கு எளிது. 22ஐ 32ஆல் வகுத்தால் 0.69. அதாவது, கூடுதல் கட்டணம் கட்ட வேண்டியவர்களில் 31% பேர் வராமல் போனால்கூட அவர்களிடமிருந்து வரும் டிக்கெட் வருமானம் குறையாது. அவ்வளவு பேர் நின்றுவிடுவார்களா என்பது சந்தேகமே. சிகாகோவிலிருந்தோ சென்னையிலிருந்தோ விமானம் ஏறி பாரிஸ் வந்தவர் 10 யூரோவுக்காகத் திரும்பிப் போக மாட்டார். பிரிட்டிஷ்காரர்கள் கதை வேறு. யூரோஸ்டார் ரயிலில் சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் வந்து, வார இறுதியோடு திரும்புபவர்கள் அவர்கள். பலருக்கு இது மூன்றாவது நான்காவது பாரிஸ் பயணமாக இருக்கும். மோனலிசாவை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள், நதிக்கு அக்கரையில் ஓர்சே அருங்காட்சியகமும் இருக்கிறது. பிரெக்ஸிட்டுக்குப் பின் அவர்களும் 32 யூரோ வரிசையில்தான் நிற்கிறார்கள். புதிய விலை கூட்டத்தைத் தொடுகிறதா என்று பார்க்க விரும்புபவர், 2026இன் மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு முதலில் அந்த ஒரு நாட்டிலிருந்து வந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்க்கலாம். நாளுக்கு 30,000 என்ற வரம்பு இருக்கும்வரை, ஒருவர் விட்ட இடத்தை வெளியே காத்திருக்கும் இன்னொருவர் நிரப்பிவிடுவார். மொத்தம் அசையவே அசையாமல் இருக்கலாம்.